டைமிங் பெல்ட் மாற்றப்போகிறேன், வழிகாட்டுங்கள்

வணக்கம். அப்பா 2004இல் வாங்கிய மாருதி 800 இன்றும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற ஞாயிறு மேல் மூடியைக் கழற்றி டைமிங் பெல்ட்டைப் பார்த்தேன் (இன்ஜினின் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் பட்டை). பற்களின் அடியில் மயிரிழை போல வெடிப்புகள். ஓரத்தில் விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அப்பாவுக்கும் நினைவில்லை. அன்றிலிருந்து வண்டியை எடுக்கவில்லை.

இதுவரை ஆயிலும் ஸ்பார்க் பிளக்கும்தான் மாற்றியிருக்கிறேன். ஆனாலும் இந்த வேலையை என் கையால் செய்யவே ஆசை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று என்பது தெரியும். பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் இரண்டு பற்சக்கரங்களின் குறிகளையும் நேராக்கி, வெள்ளை பெயின்ட்டால் அடையாளமிட்டுப் படமெடுத்துக்கொள்வேன். புதியதை மாட்டியதும் ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, குறிகள் சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் தொடுவேன்.

தடுமாறுவது இங்கேதான். கிராங்க் புல்லியின் நடு போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் போதுமா? பெல்ட்டை இறுக்கமாகப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டை எந்த நிலையில் முறுக்க வேண்டும்? எண்ணெய் கசிவது கேம் சீலிலிருந்தா (சீல் என்பது தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்), கிராங்க் சீலிலிருந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டென்ஷனரையும் இரண்டு சீல்களையும் இப்போதே மாற்றிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதே வண்டியில் இந்த வேலையைச் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை தொடங்குகிறேன்.