0.063-ல் நின்ற என் ஆய்வு

எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டில் நடந்தது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து தன் பயங்களை எழுதிவிட்டால் மாணவருக்குப் பதற்றம் குறைகிறதா என்பதுதான் என் டிஸர்டேஷன் (ஆய்வேடு). எழுதியவர்கள் 20 பேர், எழுதாதவர்கள் 20 பேர். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டேன். பி-மதிப்பைக் காட்டும் ‘சிக்’ என்று தலைப்பிட்ட நெடுவரிசையில் .063 என்று வந்து நின்றது. 0.05-க்குக் கீழே வந்தால்தான் ‘வித்தியாசம் இருக்கிறது’ என்று ஏற்பார்கள். ஒரு வருட உழைப்பும் அந்த மூன்று இலக்கத்தில் போய்விட்டது போல இருந்தது.

கைடு மேடம் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட வந்துடுச்சும்மா. ரெண்டு பக்கமும் இன்னும் பத்துப் பத்துப் பேரைச் சேர்த்துப் பாரு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சேர்த்தேன். .041 வந்தது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011-ல் எழுதிய கட்டுரையை அதன் பிறகுதான் படித்தேன். நான் செய்தது அப்படியே அதில் இருந்தது. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு குழுக்கள். குழுவுக்குப் பத்துப் பேரில் தொடங்கி, ஐம்பது பேர் வரை ஒவ்வொருவராகச் சேர்த்துச் சேர்த்து டெஸ்ட் போட்டு, 0.05-க்குக் கீழே இறங்கியதும் நிறுத்தினால், 22 சதவீதம் தடவை ‘வித்தியாசம் இருக்கிறது’ என்றே முடிவு வருமாம். நாம் ஊருக்குச் சொல்வதோ 5 சதவீதம். இப்படிப்பட்ட இன்னும் சில சலுகைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் 60 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இதைக் காட்டுவதற்காகவே, ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று நிஜ டேட்டாவை வைத்தே ‘நிரூபித்திருந்தார்கள்’.

மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு உட்கார்ந்து ஐந்து ரூபாய் நாணயத்தை அறுபது தடவை சுண்டி, தலை, பூ என்று நோட்டில் வரிசையாகக் குறித்தோம். பத்துச் சுண்டலில் ஒன்பதோ பத்தோ ஒரே பக்கம் விழ 1,024-ல் 22 வாய்ப்புதான், அதாவது சுமார் 2 சதவீதம். தம்பி வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போய் 17-லிருந்து 26 வரை நிறுத்திக் காட்டினான். ஒன்பது பூ! அந்தப் பத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்திருந்தால் நாணயத்தில் கோளாறு என்று நானே எழுதியிருப்பேன்.

*

மேலே எழுதியவர் மாணவி, நான் ஆசிரியர். புள்ளியியல் வகுப்பு எடுக்கிறேன். பி-மதிப்பு 0.01 என்றதும் மாணவர்கள் சட்டென்று சொல்வது: "அப்போ நம்ம கருதுகோள் 99 சதவீதம் உண்மைதானே சார்?" பல வருடம் சூத்திரத்தை வைத்தே விளக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. இப்போது காய்ச்சலை வைத்துச் சொல்கிறேன். டெங்கு வந்தவருக்குப் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும். அதற்காகக் காய்ச்சலோடு வருகிறவருக்கெல்லாம் டெங்கு என்று சொல்வோமா? ‘வித்தியாசமே இல்லை’ என்று வைத்துக்கொண்டால், இப்படியோ இதைவிடத் தூக்கலாகவோ டேட்டா வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி-மதிப்பு சொல்கிறது. டேட்டா இப்படி வந்த பிறகு வித்தியாசம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி.

இதற்காக மாணவர்களைத் திட்டாதீர்கள். ஜெர்மனியில் ஹாலர், கிரவுஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பி-மதிப்பைப் பற்றி ஆறு தவறான வாக்கியங்களைக் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்டார்கள். 2002-ல் வெளியான ஆய்வு அது. உளவியல் மாணவர்கள் அத்தனை பேரும் ஒன்றையாவது சரி என்றார்கள். புள்ளியியல் சொல்லித்தருகிறவர்களிலேயே 80 சதவீதம் பேர் தவறினார்கள். அதைப் படித்த அன்று என் பழைய நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்திலேயே என் கையெழுத்தில் அதே தவறு.

*

முதலில் எழுதிய 0.063 தோழிக்கு: அந்த 60 பேரின் டேட்டா இன்னும் உங்களிடம் இருக்கிறதா? 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் 97 சதவீதம் சிக்னிஃபிகன்ட்டாக (0.05-க்குக் கீழே) வந்தவை, மறுமுறை 36 சதவீதம்தான் வந்தன. உங்களுடையது எந்தப் பக்கம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. நானும் உளவியல்தான் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. எத்தனை பேர், எந்த டெஸ்ட், எப்போது நிறுத்துவேன் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டு, உங்கள் ஆய்வையே என் டிஸர்டேஷனாகத் திரும்பச் செய்ய ஆசை. பதற்றத்தை அளக்க நீங்கள் கொடுத்த கேள்விப் பட்டியலை அனுப்புவீர்களா?