க்யூஎமு சாதனச் சோதனை: இலக்கு மாறினால் பைட் வரிசை தலைகீழாகிறது

கீற்று:
வணக்கம். க்யூஎமுவில் (கணினிகளை மென்பொருளால் போலச் செய்யும் நிரல்) ஒரு பிசிஐ சாதனத்தை எழுதி, க்யூஎமுவின் சோதனைக் கருவியான க்யூடெஸ்ட் மூலம் சோதித்துவருகிறேன். எக்ஸ்86-64 இலக்கில் (க்யூஎமு போலச் செய்யும் கணினி வகை) எல்லாம் தேறுகிறது. பவர்பிசி64 இலக்கில், ரெஜிஸ்டரில் (சாதனத்தின் சிறு சேமிப்பிடம்) பதினறும எண் 12345678-ஐ எழுதினால் சாதனத்துக்கு 78563412 போய்ச் சேருகிறது. 'இலக்கு பிக் எண்டியன் என்றால் திருப்பு' என்று ஒரு நிபந்தனை வைத்ததும் ரெஜிஸ்டர் சரியானது. (பிக் எண்டியனில் எண்ணின் உயர் பைட் முதலில் வரும், லிட்டில் எண்டியனில் கடைசியில்.) நினைவகத்தில் வைக்கும் டிஸ்கிரிப்டருக்கும் (சாதனம் படிக்கும் வேலைக்குறிப்பு) அதையே வைத்தால் அது கெட்டுப்போகிறது. எடுத்துவிட்டால் என் எக்ஸ்86 கணினியில் ஓடுகிறது. பிக் எண்டியனான எஸ்390எக்ஸ் கணினியிலோ எந்த இலக்கிலும் தோற்கிறது. எங்கேதான் திருப்புவது?

நள்ளிரவு:
சாதனத்தின் மெமரி ரீஜனில் (ரெஜிஸ்டர்கள் இருக்கும் முகவரிப் பகுதி) எண்டியன் வகையை 'நேட்டிவ்', அதாவது இலக்கின் வரிசை, என்று மாற்றிப் பாருங்கள். ரெஜிஸ்டருக்கு நிபந்தனையே தேவைப்படாது.

பழையபிட்:
வேண்டவே வேண்டாம். சோதனை தேறிவிடும், டிரைவர் தோற்கும். பிசிஐ சாதனத்தின் ரெஜிஸ்டர் லிட்டில் எண்டியன் என்று நம்பித்தான் லினக்ஸின் 'ரைட்எல்' பிக் எண்டியன் பவர்பிசியில் பைட்டுகளைத் திருப்பி அனுப்புகிறது. சாதனம் 'லிட்டில்' ஆகவே இருக்கட்டும்.

கீற்று, உங்கள் சோதனையில் மூன்று வரிசைகள் இருக்கின்றன: சோதனை ஓடும் கணினியுடையது, இலக்குடையது, சாதனத்துடையது. க்யூடெஸ்டின் 'ரைட்எல்' ஓர் எண்ணை வாங்கி இலக்கின் வரிசையில் பைட்டுகளாக அடுக்குகிறது. அது எந்தக் கணினியில் ஓடினாலும் ஒன்றுதான். 'மெம்ரைட்' அப்படியல்ல, கொடுத்த பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும். சி மொழிக் கட்டமைப்பை நேராக அதனிடம் கொடுத்தால் கணினியின் வரிசைதான் உள்ளே போகும். ஆகவே ரெஜிஸ்டரில் முட்டிக்கொள்பவை இலக்கும் சாதனமும். டிஸ்கிரிப்டரில் கணினியும் சாதனமும். உங்கள் நிபந்தனை இலக்கை மட்டுமே விசாரிக்கிறது. டிஸ்கிரிப்டருக்கு அந்த விசாரணையால் என்ன பயன்?

டிஸ்கிரிப்டரின் ஒவ்வொரு புலத்தையும் கணினியின் வரிசையிலிருந்து லிட்டில் எண்டியனுக்கு மாற்றும் 'சிபியு_டு_எல்இ32' போன்றவற்றால் நிரப்பிய பிறகு 'மெம்ரைட்' செய்யுங்கள். ரெஜிஸ்டருக்கு, க்யூடெஸ்டின் துணை நூலகமான லிப்க்யூஓஎஸ்ஸின் 'க்யூபிசிஐ_ஐஓ_ரைட்எல்' இருக்கிறது. பிசிஐ லிட்டில் எண்டியன் என்பது அதற்குத் தெரியும். நிபந்தனையை மொத்தமாக நீக்கிவிடலாம்.

கீற்று:
மிக்க நன்றி ஐயா. இரண்டு கணினிகளிலும் இரண்டு இலக்குகளிலும் தேறிவிட்டது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. ரெஜிஸ்டரில் எழுதி அதையே திரும்பப் படிக்கும் சோதனை ஒன்று இருந்தது. நிபந்தனை வைப்பதற்கு முன்பும் அது பவர்பிசி64-இல் தேறியது. எப்படி?

பழையபிட்:
எழுதும்போது ஒரு முறை புரண்டது, படிக்கும்போது இன்னொரு முறை புரண்டு நேராகிவிட்டது. இந்த வகைச் சோதனையைப் பைட் வரிசைக்குச் சாட்சியாக நான் ஏற்பதே இல்லை. பூஜ்யமும் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்-உம் அப்படித்தான், எப்படிப் புரட்டினாலும் முகம் மாறாது. சாதனம் நினைவகத்தில் எழுதியதை 'மெம்ரீட்' கொண்டு எடுத்து, 78, 56, 34, 12 என்று பைட் பைட்டாக ஒப்பிடுங்கள்.

நள்ளிரவு:
அப்படியென்றால் 'நேட்டிவ்' எதற்குத்தான்? விர்ட்ஐஓ (மெய்நிகர் சாதனங்களுக்கான தரம்) விருந்தினரின், அதாவது உள்ளே ஓடும் கணினியின், வரிசையைப் பின்பற்றுகிறதே?

பழையபிட்:
பழைய விர்ட்ஐஓ மட்டும். 1.0 முதல் எல்லாம் லிட்டில் எண்டியன். 32-ஆம் அம்ச பிட் (1.0-ஐக் குறிப்பது) ஒப்புக்கொள்ளப்பட்டதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அங்கே மட்டும் உங்கள் சோதனை இலக்கின் வரிசையை விசாரிப்பதில் நியாயம் உண்டு, அதுவும் அந்த பிட் இல்லாதபோது.