புதுப்பிப்பு: ட்ரிகர் கார்டில் தேய்ந்த புளூயிங் போய்விட்டது, வினிகரே போதுமானது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: துப்பாக்கியிலிருந்து கழற்றிய எஃகு ட்ரிகர் கார்டில் (விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையம்) திட்டுத்திட்டாகத் தேய்ந்த புளூயிங்கை (எஃகு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் உண்டாக்கும் கருநீலப் படலம்), உப்புத்தாள் போட்டு விளிம்புகளை மழுக்காமல் எப்படி எடுப்பது?

5% வெள்ளை வினிகரில் ஊறவைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. முதலில் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பாகம் முழுக்க மூழ்கும்படி பிளாஸ்டிக் டப்பாவில் 25 நிமிடம். கருமை மங்கி, மேலே கரிபோல ஒரு படலம் மிஞ்சும். அதை 0000 ஸ்டீல் வூலால் (மிக மெல்லிய எஃகு நார்) லேசாகத் தேய்த்தால் வெளிர்சாம்பல் எஃகு தெரியும்.

திருகுத் துளையைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் நின்றது. காரணம், துளைக்குள் இருந்து கசிந்த பழைய எண்ணெய். மறுபடி பிசுக்கு நீக்கி 10 நிமிடம் வைத்ததும் போனது.

எதிர்பாராதது துரு. கழுவி வைத்த சில நிமிடங்களிலேயே செம்மஞ்சள் பூத்துவிட்டது. சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, ஹேர் டிரையரால் உடனே உலர்த்தி எண்ணெய் பூசிவிடுங்கள். புதிதாக புளூயிங் செய்யும் முன் அந்த எண்ணெயையும் நீக்க வேண்டும்.

இரவு முழுக்க ஊறவிடாதீர்கள், அமிலம் உலோகத்தையே அரிக்கும். ஸ்பிரிங்குகளையும் அலுமினியப் பாகங்களையும் இதில் போடவே கூடாது.