மறுமொழி: 'மூட்டு மாற்று' வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

பாம்பனிலிருந்து:
முழங்கால், இடுப்பு மூட்டு அறுவைக்கு முன் நோயாளியிடம் கொடுக்கும் விளக்கத் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் அச்சுக்குப் போகிறது. 'மூட்டு மாற்று அறுவை' என்று எழுதி, கடலில் பாசி எடுக்கும் எங்கள் தெருப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "யாரு முட்டிய அறுத்து எனக்கு வப்பாக? செத்த ஆளு முட்டியா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'சிறுநீரக மாற்று' என்று பழக்கியது நாம்தானே. அதில் வருவது பிறர் உறுப்பு. இதில் வருவது உலோகமும் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கும்.

தொண்டியிலிருந்து:
அக்கா, முழங்காலை யாரும் கழற்றி எறிவதில்லை. குருத்தெலும்பு தேய்ந்த எலும்பு முனைகளைக் கொஞ்சம் சீவிவிட்டு உலோக உறை மாட்டுகிறார்கள், நடுவில் பாலிஎத்திலீன் தட்டு. உலக்கைக்குப் பூண் போடுகிற வேலைதான். 'முழங்கால் பூண்' என்று வையுங்கள்.

மதுரையிலிருந்து:
முழங்காற்பூண் என்று புணர்த்தி எழுதுவதே முறை.

தொண்டியிலிருந்து:
காற்பூண் என்றால் கொலுசு என்று நினைப்பார்கள் ஐயா!

பரமக்குடியிலிருந்து:
சித்த மருத்துவத்தில் மூட்டுத் தேய்வுக்கு 'அழல் கீல் வாயு' என்று பெயர். கீல் என்றாலே மூட்டுதான். 'கீல் சீரமைப்பு' இருக்கும்போது தேடல் எதற்கு?

மதுரையிலிருந்து:
கீல், 'கீல' என்னும் வடசொல். ஆப்பு என்று பொருள்.

கீழக்கரையிலிருந்து:
எங்கள் ஊரில் கீல் என்றால் வத்தைக்கு, அதாவது படகுக்கு, பூசும் தார். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, மேலே கீலைக் காய்ச்சித் தடவுவார்கள். பொருத்தில் பூசுவதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பது என் துணிபு. இன்னொன்று: இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1960களில் இடுப்பு மூட்டுக்கு எஃகுப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம் வைத்தபோது அக்ரிலிக் சிமெண்டு போட்டார். அது ஒட்டும் பசை அல்ல, இடைவெளியை நிரப்பி இறுக்கிப் பிடிக்கும் சாந்து. கீல் என்ற சொல்லை அந்தச் சிமெண்டுக்குக் கொடுங்களேன்.

மதுரையிலிருந்து:
தாருக்கும் மூட்டுக்கும் முடிச்சா? ஒலி ஒத்தால் வேர் ஒக்காது.

ராமநாதபுரத்திலிருந்து (செவிலியருக்குப் பாடம் எடுக்கிறேன்):
பூண் முழங்காலுக்குச் சரி, இடுப்புக்கு ஆகாது. அங்கே தொடையெலும்பின் பந்தையே அறுத்தெடுத்துவிட்டு, எலும்புக்குள் தண்டு இறக்கி, அதன் தலையில் புதுப் பந்து வைக்கிறார்கள். அப்புறம், 'இடுப்பு' என்றால் நம் பெண்கள் குடம் வைக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள். அந்த மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் கவட்டில்தான் தெரியும். 'தொடைச்சந்து' என்றால் சட்டென்று பிடிபடும்.

மதுரையிலிருந்து:
சந்தும் 'சந்தி' என்னும் வடசொல்லிலிருந்து வந்ததே.

பாம்பனிலிருந்து:
ஐயா, உங்கள் சல்லடையில் எதுவும் தங்காது. இன்று புதன். நாலு பேர் தனிமடலில் 'செயற்கை மூட்டு பொருத்தும் அறுவை' போதும் என்கிறார்கள். நீளம்தான், ஆனால் பெரியம்மா கேட்டுவிட்டு, "அப்ப இரும்பு முட்டி, சரி" என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார். இடுப்புக்குத் தொடைச்சந்து என்றே போடுகிறேன். பூண் படத்தின் கீழ் விளக்கத்தில் வரும், தொண்டித் தம்பி கோபிக்க வேண்டாம்.

தொண்டியிலிருந்து:
விளக்கத்தில் போட்டால் சொல் எப்படி நிலைக்கும்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாம்பனிலிருந்து:
பதிவாயிற்று. கடைசியாக ஒன்று: 'மூட்டு பொருத்தும்', ஒற்று மிகுமா?

மதுரையிலிருந்து:
மிகாது. இரண்டாம் வேற்றுமைத் தொகை.

பரமக்குடியிலிருந்து:
மிகும். வன்தொடர்க் குற்றியலுகரம்.