இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியாவிட்டால் ரெய்டில் கை வைக்காதீர்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனி. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய ரேக் சர்வர். ஓஎஸ்ஸுக்கு இரண்டு டிஸ்க் ரெய்டு 1, டேட்டாவுக்கு நான்கு டிஸ்க் ரெய்டு 5 (பல டிஸ்கை ஒன்றாகக் கட்டி, ஒன்று கெட்டாலும் டேட்டா போகாமல் காக்கும் முறை). ஆர்டர், சாயக் கணக்கு, சம்பளம் எல்லாம் அந்த நான்கில்தான். அதில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றதால் ராக்கி லினக்ஸ் 8 போடச் சொன்னார்கள். பேக்கப் இருந்தது. அதை ரீஸ்டோர் செய்து பார்த்தவர் யாருமில்லை.

சனிக்கிழமை இரவு ஆரம்பித்தேன். எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் திரையில் நான் செருகிய பென்டிரைவ் மட்டுமே இருந்தது. குனிந்து பார்த்தால் ஆறிலும் பச்சை விளக்கு அசையாமல் எரிகிறது. ரீபூட் செய்து, டிஸ்குகளைக் கட்டி நடத்தும் ரெய்டு கார்டின் மெனுவுக்குள் போனேன். இரண்டு விர்ச்சுவல் டிஸ்கும், அதாவது ரெய்டாகக் கட்டிய இரண்டு தொகுப்பும், ஆப்டிமல் (குறையில்லை).

பராமரிப்பு ஆட்களுக்குப் போன் போட்டேன். "கான்ஃபிக் கெட்டிருக்கும் சார், க்ளியர் பண்ணிட்டு புதுசா ரெய்டு கட்டிடுங்க" என்றார் ஒரு தம்பி. கர்சர் அந்த வரி வரைக்கும் போய்விட்டது. க்ளியர் கொடுத்தால் ஓஎஸ் மட்டும் போகாது, டேட்டாவின் ரெய்டும் சேர்ந்து போகும். கார்டே ஆப்டிமல் என்னும்போது ரெய்டு எப்படிக் கெட்டிருக்கும்? கையை எடுத்துவிட்டேன்.

மறுபடி இன்ஸ்டாலர். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தி ஷெல்லுக்கு (கட்டளை தட்டும் திரை) போய், சர்வரில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை, டிரைவரையும் காட்டும்படி கொடுத்தேன். கார்டு இருந்தது: ஐடி 1000:0079, எல்எஸ்ஐ 2108 சிப். அதன் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்ற வரி மட்டும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. ரெட் ஹாட் லினக்ஸ் 8-இல் இந்த வகைக் கார்டுகளுக்கான மெகாரெய்டு டிரைவர் உண்டு, ஆனால் பழைய சிப்களின் ஐடிகள் அதில் இல்லை. 2108-உம் அப்படி விடுபட்டதுதான். ரெட் ஹாட்டை அப்படியே பின்பற்றும் ராக்கியும் அதே வழி. டிஸ்க் எங்கேயும் போகவில்லை, லினக்ஸின் மையமான கெர்னலுக்குக் கார்டை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ரெட் ஹாட் வகை லினக்ஸுக்குக் கூடுதல் டிரைவர் தரும் இஎல்ரெப்போ தளத்தில் இதற்கென்றே டிரைவர் டிஸ்க் ஐஎஸ்ஓ இருக்கிறது. ராக்கி 8-இல் எந்தக் கிளைப் பதிப்பைப் போடுகிறோமோ அதற்குரியதையே எடுக்க வேண்டும், மாறினால் ஏறாது. ஓஇஎம்டிஆர்வி என்ற லேபிளோடு இன்னொரு பென்டிரைவில் இருந்தால் இன்ஸ்டாலர் தானாகவே எடுத்துக்கொள்ளும். செருகி பூட் செய்தேன், இரண்டு டிஸ்கும் வரிசையாக வந்து நின்றன. அளவைப் பார்த்துச் சின்னதை மட்டும் டிக் செய்தேன், பெரியதில் டிக் இல்லை என்று மூன்று தடவை சரிபார்த்தேன். அப்புறம் ஒன்று: பின்னால் கெர்னல் அப்டேட் செய்யும்போது அந்த டிரைவர் மாட்யூலும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் ரீபூட் செய்யாதீர்கள்.

* * *

இதற்கு வந்த ஒரு பதில்: அண்ணா, கையை எடுத்தீர்களே, அதுதான் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது. எனக்கு விண்டோஸ் சர்வரில் வேறு மாதிரி. 2 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5, அதாவது 6 டிபி. இன்ஸ்டாலர் அதை இரண்டு துண்டாகக் காட்டி, 2048 ஜிபிக்கு மேல் தொடவே விடவில்லை. நானும் ரெய்டைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு முறை அழித்துக் கட்டினேன். புது சர்வர், உள்ளே ஒன்றுமில்லை, தப்பித்தேன். காரணம், பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருந்தது. அதில் எம்பிஆர் என்ற பழைய பார்டிஷன் முறைதான், 512 பைட் செக்டரில் 2 டிபிதான் அதன் எல்லை. யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றிப் பூட் செய்ததும் ஜிபிடி என்ற புதிய பார்டிஷன் முறையில் முழு இடமும் ஒரே துண்டாக வந்தது. யூஇஎஃப்ஐ இல்லாத பழைய சர்வர் என்றால், அதே நான்கு டிஸ்கில் ஓஎஸ்ஸுக்கு 200 ஜிபி விர்ச்சுவல் டிஸ்க் ஒன்றைக் கார்டின் மெனுவிலேயே தனியாக வெட்டிக்கொள்ளலாம்.