விளிம்பைக் காட்டு, மீனா

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

மீனா: (படம்) மளிகைக் கடையில் மீதிச் சில்லறையாக வந்தது. மஞ்சள் ஐந்து ரூபாய். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. இது செல்லுமா, சித்தப்பா?

சித்தப்பா: யாரிடமும் கொடுத்துவிடாதே! நாணயச்சாலையிலேயே பிழையாக வந்த காசென்றால், என்னைப்போல நாணயம் சேர்ப்பவர்கள் தேடி வாங்குவார்கள். வெளியே யாராவது வெட்டியதென்றால் அது வெறும் சேதம். குறைந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு.

கார்த்தி: வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருகிறார்களாம், சித்தப்பா. பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்ட வேண்டுமாம்.

சித்தப்பா: ஒரு பைசாகூடக் கட்டாதே, கார்த்தி. பழைய நாணயம் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வைஷ்ணோ தேவி காசு நினைவு நாணயம்தான். பிழை எதுவும் அதில் இல்லை.

மீனா: (படம்) இதோ எதிர்ப்பக்கம்.

சித்தப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிலும் விளிம்பு வரப்புபோல எழுந்து நிற்கிறது. குறைக்கு நேர் எதிரே மட்டும் மழுங்கிக் கிடக்கிறது. எனக்குக் கை நடுங்குகிறது, மகளே. இது நாணயச்சாலையிலேயே நேர்ந்தது!

அத்தை: எப்படித் தம்பி சொல்கிறாய்? யாராவது வெட்டியிருக்கலாமே?

சித்தப்பா: உலோகத் தகட்டிலிருந்து, இன்னும் அச்சடிக்காத வட்ட வில்லைகளை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் அடுத்த வெட்டு விழும். அப்படித்தான் பிறை உண்டாகும். அந்த வில்லையை உருட்டி விளிம்பு எழுப்பும்போது, ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் போதாது. விளிம்பும் எழாது. வெளியே அரத்தால் ராவியதாக இருந்தால் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும், எழுத்தும் கத்தரித்ததுபோல நிற்கும். எடையை நம்பாதீர்கள், அக்கா. வெட்டினாலும் எடை குறையத்தான் செய்யும்.

சித்தப்பா: மீனா, ஆண்டுக்குக் கீழே என்ன குறி?

மீனா: சின்னப் புள்ளி.

சித்தப்பா: அப்படியானால் நொய்டா நாணயச்சாலையில் அச்சானது. வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. குறி இல்லாததையே பிழை என்று விற்கிறார்கள், அதை நம்ப வேண்டாம்.

அத்தை: (படம்) இது என் இரண்டு ரூபாய். எழுத்தெல்லாம் நீண்டிருக்கிறது.

சித்தப்பா: விட்டம் பெரிதாகி, தகடாக மெலிந்திருக்கிறதே, அக்கா. தண்டவாளத்தில் யாரோ வைத்திருக்கிறார்கள். இது சேதம், பிழையில்லை.

அத்தை: சரி. ஒரு ரூபாய் ஒன்றில் சிங்கமுகம் படுத்திருக்கிறது. அதையும் சொல்.

சித்தப்பா: எண் நேராக நிற்கும்படி பிடித்து, புத்தகப் பக்கம்போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயத்தில் சிங்கமும் நேராக நிற்க வேண்டும்.

அத்தை: திருப்பினேன். வலப்புறம் சாய்ந்து படுத்தேவிட்டது.

சித்தப்பா: அக்கா! அது அச்சு திரும்பிய நாணயம், அதாவது ஒரு பக்கத்து அச்சு மறுபக்கத்தோடு நேராக நிற்காமல் திரும்பியிருக்கிறது. லேசான சாய்வு அடிக்கடி வரும், அதை நான் ஒதுக்கிவிடுவேன். கால் வட்டம் திரும்பியதை விடமாட்டேன். பத்திரமாக வையுங்கள்.

அம்மா: மீனாவின் காசு கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கட்டுமா?

சித்தப்பா: வேண்டாம், அண்ணி! தேய்த்தால் மேற்பரப்பு போய்விடும், பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். எண்ணெய்க் கைகூடப் படக் கூடாது.

மீனா: அம்மாவிடமிருந்து வாங்கிவிட்டேன், சித்தப்பா. காகித உறையில் போட்டு, கிடைத்த தேதியை மேலே எழுதிவிட்டேன்.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை லென்ஸோடு வருகிறேன். அக்கா, நீங்களும் அதைக் கொண்டு வந்துவிடுங்கள்.