புதுப்பிப்பு: ஏற்காடு ஒருநாள் நடை, போய்ட்டு வந்தாச்சு

பசங்களோட ஏற்காட்டுல ஒருநாள் எங்க நடக்கலாம்னு கேட்டிருந்தேன்ல, பாதி பேரு கிளியூர் அருவி, மீதி பேரு சேர்வராயன் கோயில்னீங்க, ரெண்டும் பாத்தாச்சு. சேலத்துல இருந்து காலைல பஸ்ஸு, 20 கொண்டை ஊசி வளைவு, தம்பி பையன் பாதியிலயே எலுமிச்சம்பழத்த மோந்துட்டு உக்காந்துட்டான் பாவம்.

அருவிக்கு எறங்குறது சுலபம், ஏறி வர்றப்பதான் முட்டி கழண்டுரும், பெரியவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. ஏரி நெரம்பி வழியுற தண்ணிதான் அங்க வந்து விழுது, அதனால மழை முடிஞ்ச கையோட போங்க, சித்திரை வெயில்ல போனா வெறும் பாறையதான் பாக்கணும்.

எனக்கென்னவோ கோயில்தான் புடிச்சுது. 1,623 மீட்டர் ஒசரம், மேல மொட்டையா பரந்த வெளி, காத்து ஆளையே தள்ளுது, சாமி குகைக்குள்ள இருக்கு, குனிஞ்சுதான் போகணும். சொந்த வண்டின்னா குப்பனூர் வழியா எறங்கிப் பாருங்க.